பாட்டுக்கு ரெண்டாவது வரி உண்டா?

போன மாதம் மூன்று நாட்கள் நான் ஆபீசுக்கு வந்ததாகவே பதிவாகவில்லை.

வந்தேன். நந்தனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓட்டமும் நடையுமாக நேரத்துக்கு முன்பே வாசலில் நின்றேன். வருகைப் பதிவு மெஷின்தான் என்னை ஏற்கவில்லை. நான் பதிந்து வைத்திருப்பது இடது ஆள்காட்டி விரல். (ஏன் என்று கேட்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று வலது கையில் டிபன் பாக்ஸ் இருந்தது.) விரலை வைக்கிறேன் — ‘மீண்டும் முயற்சிக்கவும்’. சட்டையில் துடைத்து வைக்கிறேன்... ‘மீண்டும் முயற்சிக்கவும்’.

செக்யூரிட்டி அண்ணன் எட்டிப் பார்த்தார். “இன்னா சார், விரலை எங்கனா மாத்தி எட்த்துகினு வந்துட்டியா?”

மாற்றவில்லை. தோல் உரிந்திருந்தது. காரணம், கிட்டார்.

வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே... அவர் ஆழ்வார்பேட்டையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். முப்பது வருஷமாகச் சூட்டில் வெந்த கை. ரேஷன் கடை மெஷினில் அவர் ரேகை விழாது, மாதா மாதம் அம்மாதான் போக வேண்டும். “எனக்கு ரேஷன்ல வுழல. உனக்கு ஆபீஸ்ல வுழல. இதுக்குத்தான் நைனா உன்னைப் படிக்க வெச்சேன்?” என்றார்.

சரி, இருபத்தேழு வயதில் எனக்கு எதற்குக் கிட்டார்?

என் தங்கை செல்விக்காக. உண்மையைச் சொன்னால், என் டிபிக்காக. ஒரு வருஷம் முன்பு தி.நகரில் ஒரு கடையில் கிட்டார் வாங்கினேன். அதைக் கட்டிப் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் டிபியாக, அதாவது முகப்புப் படமாக வைத்தேன். அப்புறம் கிட்டார் பீரோ மேலே போய்விட்டது. தூசி படியக்கூடாது என்று அம்மா அதற்கு ஒரு பழைய நைட்டியைப் போர்த்திவிட்டார்.

செல்வி அந்த டிபியை நம்பிவிட்டாள். கர்ப்பமான ஐந்தாம் மாதம் போன் செய்தாள். “அண்ணா, ஏழாம் மாசம் வளைகாப்பு. எனக்குப் பிடிச்ச அந்தப் பாட்டை நீதான் வாசிக்கணும். தாய்மாமன் வாசிக்கறத வயித்துல இருந்தே கேக்கட்டும்.”

எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். அந்த இசையமைப்பாளரின் ரசிகர்கள் மயிலாப்பூரில் அதிகம், நான் அந்த வழியாகத்தான் தினமும் போக வேண்டும்.

‘எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா’ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் அம்மா சம்பந்தி வீடு, எங்கள் தெரு, மாவு மில் என்று எல்லா இடத்திலும் சொல்லி முடித்துவிட்டார். கையில் இருந்தது இரண்டு மாதம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எதைக் கற்றுக்கொள்வதென்றாலும் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் — பரீட்சைக்குப் படிப்பது. ஒரு நீள நோட்டு வாங்கினேன். மார்ஜின் போட்டேன். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். கார்ட் என்றால் என்ன? இரண்டு மூன்று விரல்களால் கம்பிகளைச் சேர்த்து அழுத்தி எழுப்பும் கூட்டொலி. ஃபிரெட் என்றால் என்ன? கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு. சிவப்பு மையில் அடிக்கோடு. அந்த நோட்டை வைத்து யாராவது கேள்வித்தாள் தயாரித்திருந்தால் நூற்றுக்கு நூறு.

வாசிப்பு? அதற்கு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஒதுக்கினேன், வாரம் முழுக்க விட்டதற்கும் சேர்த்து. விரல் கிழிந்தது அப்படித்தான்.

அதைவிடப் பெரிய கோளாறு இன்னொன்று. முதல் வரி வாசிப்பேன். எங்காவது விரல் பிசகும். உடனே நிறுத்துவேன். “சாரி” என்பேன். அறையில் யாரும் இல்லை, ஆனாலும் சாரி. திரும்ப முதலிலிருந்து. பள்ளியில் அப்படித்தானே? ஒரு எழுத்து தப்பினால் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். தப்போடு ஒரு பக்கம் முடியவே கூடாது.

கீழ் வீட்டு டெய்லர் கரீம் பாய் மூன்று வாரம் பொறுத்தார். ஒரு நாள் மாடிப்படியில் வழிமறித்தார். “தம்பி, தப்பா நெனச்சுக்காத. ஒண்ணு கேக்கட்டா? அந்தப் பாட்டுக்கு ரெண்டாவது லைன் கீதா, இல்ல அவ்ளோதானா?”

இருக்கிறது பாய். நான்தான் இன்னும் அங்கே போகவில்லை.

அன்றைக்கே ஜெரோமுக்குப் போன் செய்தேன். ஜெரோம் என் ஆபீஸ் நண்பன். சாந்தோம் பக்கத்துப் பையன், பள்ளி நாளிலிருந்து சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கிறான். வந்தான். நோட்டைப் புரட்டினான். “மச்சி, இத்த ஜெராக்ஸ் போட்டு வித்தா நாலு காசு பாக்கலாம். இப்ப வாசி.”

வாசித்தேன். பிசகியது. நிறுத்தினேன். “சாரி மச்சி.” முதலிலிருந்து. திரும்பவும் பிசகியது. “சாரி.”

நான்காவது சாரியில் கையைப் பிடித்தான். “யார்கிட்ட சாரி கேக்குற?”

“தப்பாயிடுச்சுல்ல?”

“ஆவட்டும். நீ ஏன் நிக்கிற? சர்ச்சுல அத்தினி பேரு பாடிகினு இருப்பாங்க. எனக்கு விரல் சிக்கிக்கிச்சு, எல்லாரும் முதல்லேர்ந்து பாடுங்கன்னு சொல்ல முடியுமா? ஃபாதர் இறங்கி வந்து அடிப்பாரு. இடது கை தப்பு பண்ணும், லேட்டா வரும், வராமயே போவும். வலது கை மட்டும் நிக்கவே கூடாது. அது ஓடிகினே இருக்கணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நோட்டே வேண்டாமே! காலேஜ் முடிக்கும் வரை லீவு நாளெல்லாம் அப்பாவின் இஸ்திரி வண்டியில் துணி தேய்த்தவன் நான். கரிப்பெட்டி சட்டை மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது காலர் மடங்கலாம், சுருக்கம் விழலாம், போகிற போக்கில் சரி செய்யலாம். பெட்டி நின்றதா... சட்டை போச்சு. என் வலது கைக்கு நிற்காமல் ஓடத் தெரியும். அதை நிறுத்தச் சொல்லிப் பழக்கியது நான் படித்த படிப்பு. படிப்பைக் குறை சொல்லவில்லை, அது சோறு போடுகிறது. ஆனால் அதைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தது என் தப்பு.

புதிதாகக் கிட்டார் எடுக்கப் போகிறவர்களுக்கு, பட்டவன் சொல்கிறேன். முதலில் அதைப் பீரோவிலிருந்து இறக்குங்கள். நீங்கள் உட்காரும் நாற்காலியில் வையுங்கள். உட்கார வேண்டுமானால் எடுத்தாக வேண்டும், எடுத்தால் வாசித்துவிடுவீர்கள். தினம் பதினைந்து நிமிஷம் போதும். வலி ஆரம்பித்ததும் கீழே வைத்துவிடுங்கள், வீரமெல்லாம் வேண்டாம். இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஃபிரெட் மேலேயே அழுத்தாமல், அதற்குச் சற்று முன்னால் அழுத்துங்கள். பாதி பலம் போதும். முதல் வாரம் இரண்டே இரண்டு கார்ட். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது மட்டும், ஆமை வேகத்தில். பாட்டில் ஒரு இடம் சிக்குகிறதா? அந்த இடத்தை மட்டும் தனியாகப் பிய்த்தெடுத்துப் பழகுங்கள். முதல் வரி பாவம், அதை விட்டுவிடுங்கள்.

அப்புறம், வாய்விட்டுப் பாடிக்கொண்டே வாசியுங்கள். குரல் எப்படியிருந்தாலும் சரி. பாட்டு வாயில் ஓடினால் கை நிற்க வெட்கப்படும்.

போன ஞாயிறு வளைகாப்பு. மந்தைவெளியில் சின்ன ஹால். செல்வி சந்தனமும் பூவுமாக நாற்காலியில். எதிரில் நான், வேர்த்த கையோடு. சம்பந்தி அம்மா முதல் வரிசையில். அம்மாவின் முகத்தில், ஊரெல்லாம் சொல்லிவிட்டோமே என்ற கலக்கம் அப்போதுதான் தெரிந்தது.

முதல் வரி, சுத்தம். இரண்டாவது, மூன்றாவது... பரவாயில்லை. சரணத்தில் மோதிர விரல் வேறு கம்பியில் போய் உட்கார்ந்துவிட்டது. எவர்சில்வர் தட்டில் கரண்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம்!

சாரி தொண்டை வரை வந்தது. வலது கை நிற்கவில்லை. கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தது. அந்த இடைவெளியில் செல்வி தானே பாட ஆரம்பித்தாள். பக்கத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். சம்பந்தி அம்மா கைதட்டித் தாளம் போட்டார். என் இடது கை எப்போது வந்து சேர்ந்துகொண்டது என்று எனக்கே தெரியாது. பாட்டு கடைசி வரி வரைக்கும் போய்விட்டது.

போய்விட்டதே தவிர, அங்கே எப்படி நிறுத்துவது என்று நான் பழகவே இல்லை! வாசித்துக்கொண்டே இருந்தேன். அவர்களும் விடாமல் பாடினார்கள். இரண்டாவது சுற்று போனது. மூன்றாவதில் செல்வி “ஐயோ!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பாடியவர்களெல்லாம் பதறி எழுந்தார்கள்.

“உதைக்குதுண்ணா!” என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்குக் கலங்கவில்லை. “பசிக்குதுடி அதுக்கு. டேய், போதும் நிறுத்துடா, இலை போடணும்.”

பசியாம்... அது ஒன்ஸ் மோர் கேட்டது என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.