பதினான்கு வரியிலும் பேசாதவள்

கல்யாணமான பிறகுதான் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்தேன். கணவர் குவைத்தில் வேலை பார்த்தார். கந்தர்வக்கோட்டை வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். அந்தப் பருவத்துக்கு மறுமலர்ச்சிக் காலத்துக் காதல் சானெட் கவிதை ஒன்று பாடமாக வந்தது.

வடிவத்தில் ஒன்றும் கஷ்டமில்லை. மொத்தம் பதினான்கு வரி. முதல் எட்டில் காதலன் தன் வேதனையைக் கொட்டுவான். ஒன்பதாவதில் பேச்சு வேறு பக்கம் திரும்பும். மீதியில் ஏதோ ஒரு முடிவுக்கு வருவான். காதலில் அவனுக்கு உடம்பு எரிகிறதாம், அதே நேரத்தில் குளிரில் விறைக்கிறதாம். அடுப்படியில் நின்று அதைத் தமிழில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"குளுரு காச்சலா ஆத்தா? கசாயம் போடவா?"

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். அந்தப் பெண்ணின் கண்ணைப் புகழ்கிறான், கூந்தலைப் புகழ்கிறான், கல்நெஞ்சக்காரி என்று திட்டவும் செய்கிறான். அவளை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. அவள் மனதில் என்ன இருந்தது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? தேர்வுக்குத் தயார் செய்த விடையிலும் அதையே எழுதி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கணவர் போன் செய்தார். எப்போதும் அவர்தான் பேசுவார், அன்பாகத்தான் பேசுவார். நான் 'ம்' கொட்டுவேன். ஏற்கெனவே இரண்டு முறை ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார். குடும்பத்துக்காகப் போனவரைத் திரும்பி வாருங்கள் என்று எப்படிக் கூப்பிடுவது? அந்த இரண்டு முறையும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

"நாளைக்குக் கையெழுத்துப் போடணும். இன்னும் ரெண்டு வருஷந்தான். பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருவோம்" என்றார்.

வழக்கமான 'ம்' வாய்வரை வந்துவிட்டது.

"போடாதீங்க. வந்துருங்க. என்னால தனியா இருக்க முடியலைங்க."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"சரி, போடல" என்றார் கடைசியில். "போன ரெண்டு தடவையும் நீ வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன். சொல்லல. நான் இல்லாட்டியும் ஒனக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"வாயத் தொறந்து கேட்டாக் கொறஞ்சா போயிருவீங்க?" என்று கத்தினேன்.