நுரைக்காத தண்ணீர்

பெயிண்ட் பக்கெட்டின் வாயில் கட்டிய துணியை அவிழ்த்து, தலையை உள்ளே விட்டு, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் சகாதேவன். உள்ளே கம்பும் நொய்யும் ஊறிப் புளித்துக் கிடக்கின்றன. அடியிலிருந்து ஒரு குமிழி மெல்ல ஏறி வந்து உடைகிறது. பின்னாலேயே இன்னொன்று. "பேசுது பாரு," என்கிறார், பக்கத்தில் யாரும் இல்லாமலேயே. கோழிகள் காலைச் சுற்றிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவர் அவசரப்படுவதில்லை. காது பார்த்த பிறகு மூக்கு பார்க்க வேண்டும்.

மரக்காணத்து உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை அவருக்கு. தை பிறந்தால் பாத்தியில் இறங்குவார். மழை தொடங்கி அளம் முழுக்க ஏரியானால்தான் கரையேறுவார். பாதம் இரண்டும் வெடித்து, காய்ந்த வண்டல் மாதிரி இருக்கும். கறுத்து மெலிந்த ஆள். எதையும் நின்று பார்க்காமல் போக மாட்டார். ரோட்டோரம் ஒரு பஸ் பழுதாகி நின்றால் டிரைவரோடு சேர்ந்து இவரும் எஞ்சினுக்குள் எட்டிப் பார்ப்பார். பாண்டிச்சேரிக்குப் போகக் கிளம்பிய காரியம் அன்றைக்கு அவ்வளவுதான்.

புளிச்ச தீனியும் அப்படி நின்று பார்த்ததில் வந்ததுதான். ஓர் ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, கோழிக்கு வைத்திருந்த கம்பு நனைந்து புளிவாடை அடித்தது. மனைவி சாமுண்டீஸ்வரி குப்பையில் கொட்டச் சொன்னார். கொட்டிய இடத்தில் கோழிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு விழுந்து தின்றன.

"காஞ்ச கம்பு போட்டா பாதிய சீச்சி எறியுதுங்க. இத ஒரு மணி வுடாம பொறுக்குதே, ஏன்?"

அந்த 'ஏன்' சகாதேவனை உட்கார விடவில்லை. வேண்டுமென்றே ஊறவைத்துப் பார்த்தார். தண்ணீர் குறைந்தால் மேலே பூஞ்சை பூத்தது, அதைக் கொட்டினார். தானியம் மூழ்க ஊற்றினால் நல்ல புளிப்பு வந்தது. பழைய புளித்தண்ணீரில் கொஞ்சம் விட்டுவைத்தால் அடுத்தது சீக்கிரம் புளித்தது. கோழிகளின் இறகில் ஒரு மினுமினுப்பு ஏறியது. அந்த நாட்களில் தீனியை நாக்கிலும் வைத்துப் பார்ப்பார். ஒரு சிட்டிகையைக் கண் மூடி மென்று விழுங்குவார்.

"நம்ம வாய்க்கு ஒத்துக்கலன்னா அதுங்களுக்கு எப்பிடி ஒத்துக்கும்?" என்பார்.

சாமுண்டீஸ்வரி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே பேசுவார். "எனக்கு ஒரு நாளு இட்லிக்கு மாவாட்டிக் குடுத்திருப்பியா? கோழிக்குன்னா மட்டும் ஒற ஊத்தறே."

பக்கத்து வீட்டு அருக்காணி இவர் வீட்டுக் கோழிகளைப் பார்த்து ஆசைப்பட்டார். அவரிடம் ஒரு செவலைச் சேவல் இருந்தது. முழுகாமல் இருந்த மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டுமென்று முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட சேவல். "அதுக்கும் ரெண்டு வாய் குடுண்ணா," என்றார். அன்றிலிருந்து சகாதேவன் வேலிக்கு அந்தப் பக்கமும் தீனி வைத்தார்.

சுனாமியில் கடல் உள்ளே வந்த மார்கழி கழிந்து, அடுத்து வந்த கோடையில் அது நடந்தது. கோழிகள் ஓயாமல் தண்ணீர் குடித்தன. தண்ணீராகவே கழிந்தன. பிறகு கால் பின்னித் தடுமாறி, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. வெள்ளைக் கழிச்சல், தொற்றுகிற நோய் என்றார்கள் தெருவில். சகாதேவன் குனிந்து எச்சத்தைப் பார்த்தார், வெள்ளையாக இல்லை. மூன்றாவது வீட்டுக் கோழிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. மறுநாள் அருக்காணியின் செவலைச் சேவலும் விழுந்தது.

அருக்காணி செத்த சேவலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். "சாமிக்கு வுட்டத சாவடிச்சிட்டியேண்ணா! அழுவுன தீனிய போட்டுப் போட்டு... எம்பொண்ணுக்கு ஒண்ணுன்னா நீதான் பதில் சொல்லணும்!"

அந்த அம்மாள் போன பிறகு, பக்கெட்டைக் கொட்டும்படி சாமுண்டீஸ்வரி சொன்னார். சகாதேவன் கொட்டவில்லை, கோழிக்கும் வைக்கவில்லை. அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். புளிப்பு சரியாக இருந்தது. வாடையும் சரிதான். குமிழி மட்டும் முன்போல் இல்லை. கொஞ்ச நாளாகவே சத்தம் குறைந்துவிட்டது. அது ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

தோட்டத்து அடிபம்பில் துணி துவைத்துக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரி சலித்துக்கொண்டார். "என்னா தேய் தேய்ச்சாலும் சோப்பு நொரைக்க மாட்டேங்குதுய்யா. கடலு வந்து போனதுலேர்ந்து இந்தத் தண்ணியே கெட்டுப்போச்சி."

குடிக்கவும் சமைக்கவும் தெருக் குழாய்த் தண்ணீர். அடிபம்புத் தண்ணீர் துணிக்கும் பாத்திரத்துக்கும்தான். கோழிக்கும். தீனி ஊறியதும் அதில்தான்.

சகாதேவன் எழுந்து போய் ஒரு கை ஏந்திக் குடித்தார். ஒன்றும் தெரியவில்லை. "நீ குடிச்சிப் பாரு," என்றார்.

சாமுண்டீஸ்வரி ஒரு வாய் வைத்தார். "த்தூ! உப்பு கரிக்குது!"

"எனக்குத் தெரியலியே."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்? நான் உப்பு போட்டு எறக்குன கொழம்புல மேல ஒரு கை அள்ளிப் போட்டுக்கறவன் நீ. நாள் பூரா உப்புலயே நிக்கிற நாக்குதான அது."

அவர் பக்கெட்டைத் தூக்கிவந்து மனைவியின் முன்னால் வைத்தார். அதுவரை அந்தப் பக்கெட்டைத் தொடாதவர் சாமுண்டீஸ்வரி. புருஷன் முகத்தைப் பார்த்தார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்தார். "புளிப்புக்கு அடியில உப்பு நிக்குதுய்யா. நல்லாவே நிக்குது."

குமிழி ஏன் அடங்கியது என்று சகாதேவனுக்கு இப்போது பிடிபட்டது, உப்புதான். தினமும் ருசி பார்த்துத்தான் போட்டார். அந்த நாக்கை நம்பித்தான் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தார்.

பொழுது சாய்வதற்குள், மிஞ்சியதில் நல்ல சேவலாகப் பிடித்துக்கொண்டு அருக்காணி வீட்டுக்குப் போனார்.

"தீனி இல்லம்மா, தண்ணி. அடிபம்பு உப்பாயிடுச்சி, கோழிக்கு அது வெஷம். ஆனா ஊத்துனவன் நான்தான். முனீஸ்வரனுக்கு இத வச்சிக்க."

அருக்காணி சேவலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. நேர்த்திக்கடனும் முடிந்தது. பேச்சு மட்டும் திரும்ப வரவில்லை. தெருவில் எதிரில் வந்தால் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

இப்போது சாமுண்டீஸ்வரி தெருக் குழாயில் பிடித்து வரும் தண்ணீரில் ஒரு குடம் கோழிகளுக்கு. ருசி பார்க்கிற வேலையும் அவருடையதே. "எம்புருஷன் பண்றது எல்லாம் சரி. நாக்குதான் சரியில்ல," என்று குழாயடியில் சொல்லிச் சிரிப்பார். சகாதேவனும் கேட்டுச் சிரிப்பார். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் பார்ப்பதில்லை.

போன வாரம் ஒரு காலையில் இருவரும் பக்கெட்டைச் சுற்றி நின்றிருந்தபோது வேலி ஓரம் வளையல் சத்தம் கேட்டது. அருக்காணி. இடுப்பில் பேத்தி. கையில் ஓர் எவர்சில்வர் கிண்ணம். அதில் அவரே ஊறவைத்த கம்பு, மேலே லேசான நுரை. அவர் சகாதேவனைப் பார்க்கவில்லை. வேலிக்கு மேலே கிண்ணத்தை நீட்டினார், சாமுண்டீஸ்வரியின் விரலுக்கு எட்டும்படியாக.