ஓசோனும் என்ரை மெயின் சுவிச்சும்

எங்கடை வீட்டிலை எனக்கெண்டு இருக்கிற ஒரேயொரு உத்தியோகம், இடி முழங்கேக்கை மெயின் சுவிச்சை நிப்பாட்டிறது. மானிப்பாய்ப் பக்கம் ஐப்பசி பிறந்தா பின்னேரம் பின்னேரம் முழங்கும். முதல் இடி கேட்டவுடனை மனிசி கண்ணாடியைச் சீலையாலை மூடுவா. நான் ஓடிப்போய்ச் சுவிச்சை இறக்குவன். ஒருக்கா இடியிலை எங்கடை ரீவி கருகினது. அண்டையிலை இருந்து இந்த விசயத்திலை என்னை ஆரும் பகிடி பண்ணிறேல்லை. மிச்ச எல்லா விசயத்திலையும் பண்ணுவினம்.

மனிசி பள்ளிக்கூடத்திலை புவியியல் படிப்பிக்கிறா. ஐம்பதை நெருங்கிற வயசிலை மேற்படிப்புத் துவங்கினவ. கடைசி வேலை, தன்ரை ஆய்வைச் சோதிக்கிற சேருக்கு லப்ரொப்பிலை, சூமிலை இருபது நிமிசம் விளங்கப்படுத்திறது. பிழை விட்டா அடுத்த வருசம் திரும்பவும் முதலிலை இருந்து. தலைப்பு என்ன தெரியுமோ? இடிமழை மேல்வளிமண்டலத்து ஓசோனை என்ன செய்யுது எண்டது. உலகத்திலை வேறை தலைப்பே இல்லாத மாதிரி.

ஒரு கிழமையா நான்தான் அவவின்ரை சபை. குசினியிலை சோத்துப்பானையைக் காட்டி விளங்கப்படுத்தினா.

"இஞ்சேருங்கோ, உந்தப் பானைக்குள்ளை கொதிக்கிறது இடிமுகில் எண்டு வையுங்கோ. வழக்கமா முகில் மூடியோடை நிண்டிடும். மூடிக்கு மேலைதான் ஓசோன் படை. பெரிய முகில் எண்டா மூடியைத் தள்ளிக்கொண்டு ஈரத்தை மேலை அனுப்பிப்போடும். அந்த ஈரம், அங்கை சும்மா கிடக்கிற குளோரினைக் கிளப்பிவிட்டு ஓசோனை அழிக்கப் பாக்கும்."

"அப்ப இடி கூடாது எண்டு எழுதிப்போட்டு வாரும்."

"பொறுங்கோ. மின்னல் காத்திலை இருக்கிற நைதரசனையும் ஒட்சிசனையும் உடைக்குது. அதாலை மூடிக்குக் கீழை புதுசா ஓசோன் உண்டாகுது."

"ஒரு கையாலை குடுத்து மற்றக் கையாலை பறிக்குது. உம்மடை அண்ணர் மாதிரி."

"சோத்தை வடியுங்கோ," எண்டிட்டுப் போயிட்டா.

சோதனை வந்த சனிக்கிழமை மூண்டு மணிக்கு அறைக்குள்ளை போக முந்தி எனக்கு விரலைக் காட்டினா. "இண்டைக்கு வானம் இடிஞ்சு விழுந்தாலும் சுவிச்சுப் பக்கம் போகப்படாது. விளங்குதோ?"

"ஓம்."

இரண்டு கையையும் தொடைக்குக் கீழை வைச்சுக்கொண்டு கதிரையிலை இருந்தன். முதல் இடி தூரத்திலை. சமாளிச்சன். இரண்டாவது சந்தைப் பக்கம். வேர்த்துது. மூண்டாவது எங்கடை முருங்கையிலேயே விழுந்த மாதிரிக் கேட்டுது. என்ரை மனம் கதிரையிலைதான் இருந்தது. கால்தான் எழும்பிப் போயிட்டுது. பாத்தா, கை சுவிச்சிலை. அறைக்குள்ளை மனிசியின்ரை கதை பாதியிலை நிண்டிட்டுது.

"என்னப்பா செய்தனீங்கள்!"

உடனை சுவிச்சைத் திரும்பப் போட்டன். இன்ரநெற் ரவுட்டர் சிவப்பு லைற்றைக் காட்டிக்கொண்டு கிடந்துது, உயிர் வரேல்லை. லப்ரொப்பிலை பற்றறி இருந்ததாலை, போனிலை இருந்து இணைப்புக் குடுக்கலாம் எண்டு மனிசி சொன்னா. ஆனா எங்கடை வீட்டிலை போனுக்குச் சிக்னல் வாறது முன் யன்னலிலை மட்டும்தான், அதுவும் கம்பிக்கு வெளியாலை கையை நீட்டினா. போனை என்ரை கையிலை திணிச்சா.

"பிடியுங்கோ. அசைஞ்சியளோ தெரியும்."

இடிக்குப் பயந்து சுவிச்சுக்கு ஓடின மனிசன், மின்னலுக்கு நேரை கையை நீட்டிக்கொண்டு நிண்டன். மழை முழங்கை வரைக்கும் நனைச்சுது.

அறைக்குள்ளை சோதிக்கிற சேரின்ரை குரல் கேட்டுது. "என்ன நடந்தது?"

"இடி, சேர்," எண்டா. அவ்வளவுதான். என்னைக் காட்டிக் குடுக்கேல்லை.

"சரி, கடைசியிலை இடிமழை ஓசோனைக் கூட்டுதோ, குறைக்குதோ?"

எனக்கு மறுமொழி தெரியும், சோத்துப்பானையோடை படிச்சவன். ஆனா வாயைத் திறந்தா கை ஆடும்.

"இரண்டும்தான், சேர். கீழை கூட்டுது. மேலை சில இடத்திலை குறைக்கலாம். எவ்வளவு எண்டு இன்னும் அளந்துகொண்டுதான் இருக்கினம். தெரியாததைத் தெரியும் எண்டு நான் எழுதேல்லை."

சத்தமில்லை. சிக்னல் அறுந்துபோச்சு எண்டு நினைச்சு, கையை இன்னும் ஒரு சாண் வெளியாலை நீட்டினன். பிறகுதான் தெரிஞ்சுது, சேர் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"நல்லது. இரண்டு பந்தியைத் திருத்திக் குடுங்கோ, போதும்," எண்டார்.

மனிசி வெளியாலை வரேக்கை என்ரை கை மடங்காமல் விறைச்சுப் போச்சு. தைலம் பூசிவிட்டா.

"இவ்வளவு பயந்த மனிசன், எப்பிடியப்பா நிண்டனீங்கள்?"

"கண்ணை மூடிக்கொண்டு," எண்டன்.

அவ சிரிச்சா. நான் பகிடி விட்டனெண்டு நினைச்சிருப்பா.