நம்ம ஊர் என்று எழுதி வைத்த வரி

இன்று காலை நனைந்த குல்லாயை வைஃபை பெட்டியின் தலையில் காயப் போட்டேன். கொடைக்கானலில் ஐப்பசி பிறந்துவிட்டால் எதை எங்கே காய வைப்பது என்று தேடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். வீட்டுக்காரர் பார்த்தால் சத்தம் போடுவார், பெட்டி கெட்டுவிடுமாம். அவருக்கு என்ன தெரியும்? நான் மெயில் சர்வர் மேலேயே சாக்ஸ் காயப் போட்டு வேலை பார்த்தவள். கொஞ்ச நேரத்தில் ஈரக் கம்பளி சூடேறுகிற அந்த வாசனை கிளம்பியது. அதே நேரத்தில் போன் சிணுங்கியது. லயத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்திருந்தது. கோயம்புத்தூரில் இருந்த ராஜரத்தினம் அண்ணன் விடிகாலையில் இறந்துவிட்டார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

வாசனையும் சேதியும் ஒன்றாக வந்ததால் நான் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் என்னை இழுத்துக்கொண்டு போயின.

அந்த இடம் ஏழு ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு மரப்படி ஏறினால் வருகிற அறை. ஜெயசீலன் சாரின் கம்ப்யூட்டர் சென்டர். படிப்பு முடித்ததும் நான் சேர்ந்த முதல் வேலை. கீழே ராஜரத்தினம் அண்ணனின் தைலக்கடை, கூடவே வீட்டில் செய்த சாக்லேட்டும் உண்டு. அதனால் எங்கள் அறைக்கு எப்போதும் ஜலதோஷத்துக்கு மருந்து போட்ட வாடை. மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் சர்வர் வைத்தால் ஏசி வேண்டும். எங்களுக்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், மேகமே உள்ளே வந்து போகும். மெஷின் சூட்டுக்குத் தெருப்பூனை ஒன்று அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். பூனை இறங்கிவிட்டால் சர்வர் நின்றுவிட்டது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

மெயில் சர்வர் என்றால் பயந்துவிடாதீர்கள். அது ஒரு தபாலாபீஸ், அவ்வளவுதான். எங்கள் தபாலாபீஸ் ஒன்றே ஒன்று, அதற்குள் ஊர்கள் பல. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு டொமைன் (மெயில் முகவரியின் பின்பாதிதான் அது), ஒரு பூண்டு விவசாயிகள் சங்கத்துக்கு ஒன்று, இரண்டு மூன்று லாட்ஜுகளுக்கு, கீழ்க்கடை அண்ணனுக்கு, இப்படி. அந்த ஊர்ப் பெயர்களையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதி வைத்திருப்போம். மெயில் வந்தால் சர்வர் முதலில் அந்த ஃபைலைப் பார்க்கும். ஊர் அதில் இருந்தால், ‘நம்ம ஊர்தானே’ என்று உள்ளேயே பெட்டியில் போட்டுவிடும். இல்லையென்றால்தான் வெளியே அனுப்பும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதன் மேல்தான் மெயிலிங் லிஸ்ட் சாஃப்ட்வேரை ஏற்றச் சொன்னார் சார். ஒரு முகவரிக்கு எழுதினால் கூட்டத்தில் உள்ள எல்லாருக்கும் போகும் ஏற்பாடு. அந்தச் சாஃப்ட்வேருக்கு ஒரு கிறுக்கு. டொமைன் வேறு வேறாக இருந்தாலும் ஒரே பெயரில் இரண்டு லிஸ்ட் இருக்க முடியாது என்று அதற்கு ஒரு பிடிவாதம். பள்ளிக்கூடமும் ‘மெம்பர்ஸ்’ என்றது, பூண்டுச் சங்கமும் ‘மெம்பர்ஸ்’ என்றது. நான் முட்டி மோதி எதையோ சரிசெய்தேன் பாருங்கள், மறுநாள் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் அத்தனை பேருக்கும், அமெரிக்காவில் இருப்பவர்கள் உட்பட, வடுகபட்டிச் சந்தையில் மலைப்பூண்டு என்ன விலை போகிறது என்ற தகவல் போய்ச் சேர்ந்தது. ஒருவர் நன்றி சொல்லி, பூண்டு அனுப்ப முடியுமா என்றுகூடக் கேட்டிருந்தார்.

அப்புறம் லயத்துச் சங்கம் வந்தது. சிலோனில் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்தில், அதாவது ஒரே வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பிரா அறைகளில் பிறந்து, கப்பலேறி இந்தப் பக்கம் வந்த குடும்பங்கள். தாண்டிக்குடி காப்பித் தோட்டங்களில் கொஞ்சம், பேத்துப்பாறையில் கூலிவேலையில் கொஞ்சம், திருப்பூர், கோவை, கனடா என்று மிச்சம். செயலாளர் தங்கவேலு அண்ணன், தாண்டிக்குடியில் ஜீப் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஆள் ஏற்றி வந்தால் எங்கள் படியேறி, என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுச் சேதி சொல்லுவார், நான் அடிப்பேன். சாஃப்ட்வேரோ மாதம் பிறந்தால் எல்லாருக்கும் ஆங்கிலத்தில் பாஸ்வேர்டு நினைவூட்டல் ஒன்றை அனுப்பிவிடும்.

“யாரு பிள்ள இவன், மாசம் பொறந்தா தொர மாதிரி இங்கிலீசுல அதட்டுறான்?” என்பார் அண்ணன்.

கீழ்க்கடை ராஜரத்தினம் அண்ணனும் அதே லயம்தான். தங்கவேலு அண்ணன் வீட்டுக்கு அடுத்த காம்பிரா. அவருக்குத் தாய் சிலோனிலேயே போய்விட்டாள். கப்பலிலும், பிறகு மண்டபம் முகாமிலும், தங்கவேலு அண்ணனின் அம்மா மாரியாயிதான் இரண்டு பையன்களையும் உட்கார வைத்து ஒரே தட்டில் சோறு ஊட்டினாளாம். பிறகு தைலம் கைகொடுத்து, ராஜரத்தினம் அண்ணன் கடையைக் காலி செய்துகொண்டு கோயம்புத்தூருக்குப் போய்ப் பெரிய வியாபாரி ஆனார். போகும்போது, “எதுன்னாலும் மெயில் போடுலே, போன் நம்பரு மாறிக்கிட்டே கெடக்கும்” என்று நண்பனிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அதற்குச் சில வருஷம் கழித்து ஒரு ஐப்பசி மழையில் மாரியாயி அம்மா இறந்துபோனார். சந்தை நாள் இல்லாத ஒரு நாளில் தங்கவேலு அண்ணன் நனைந்துகொண்டே படியேறி வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் கேதம் சொல்வது, அதாவது சாவுச் சேதி சொல்வது என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. ஆள் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்ட வீடு, அப்புறம் நல்லதுக்கும் வராது கெட்டதுக்கும் வராது. மழையில் பாதை பல இடங்களில் சரிந்து கிடந்தது, டெலிபோன் கம்பிகள் அறுந்திருந்தன. வெளியூருக்கு ஆள் அனுப்ப வழியில்லை. எங்கள் இன்டர்நெட் மட்டும் கூரைமேல் இருந்த டிஷ் வழியாக வந்ததால் பிழைத்திருந்தது.

“மொத ஆளா ரத்தினத்துக்குப் போகணும் பிள்ள. அவன் வந்துதான் எடுக்கணும்.”

அடித்தேன், அனுப்பினேன், பதிவைத் திறந்து காட்டினேன்.

“போயிருச்சுண்ணே. டெலிவர்டுன்னு போட்டிருக்கு.”

“மெசினு பொய் சொல்லாதுல்ல?”

“சொல்லாதுண்ணே.”

மறுநாள் சாயங்காலம் வரை எடுக்காமல் வைத்திருந்தார்கள். திருப்பூர்க்காரர்கள் சரிந்த மண்ணை நடந்தே தாண்டி வந்துவிட்டார்கள். கனடாவிலிருந்து பதில் வந்தது. ராஜரத்தினம் அண்ணன் வரவில்லை. இருட்டும் நேரத்தில் தூக்கினார்களாம். அடுத்த ஞாயிறு வந்த தங்கவேலு அண்ணன் ஸ்டூலில் உட்காரவே இல்லை.

“பெரிய ஆளாயிட்டான் பிள்ள. எம்புட்டு சோலியோ.”

எனக்கு ராஜரத்தினம் அண்ணன்மேல் அப்படி ஒரு கோபம். “லிஸ்ட்லருந்து அவரு பேர எடுத்துரவாண்ணே?” என்று கேட்டேன்.

“வேணாம். கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கருமாதியும் முடிந்து சில நாள் ஆகியிருக்கும். லிஸ்ட்டின் பதிவைச் சும்மா மேய்ந்துகொண்டிருந்தேன். ராஜரத்தினம் அண்ணன் லிஸ்ட்டிலிருந்து விலகக் கேட்டிருந்தார். ஒரு தரம் அல்ல, திரும்பத் திரும்ப. விலகுகிறேன் என்று வலைப்பக்கத்தில் பட்டனை அமுக்கினால், ‘நிஜமாகவா?’ என்று சாஃப்ட்வேர் ஒரு மெயில் அனுப்பும், அதற்கு ஆமாம் என்றால்தான் பெயரை எடுக்கும். அவர் அமுக்கியிருக்கிறார், அது கேட்டிருக்கிறது, அவரிடமிருந்து பதில் இல்லை. மறுபடி அமுக்கியிருக்கிறார். கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போகப் பார்க்கிற மனுஷன் ‘ஆமாம்’ என்று மட்டும் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்?

அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தேன். வெகுநாளாகத் திறக்கப்படாத பெட்டி. ‘நிஜமாகவா’ அத்தனையும் அங்கேதான் கிடந்தன. அவற்றுக்குக் கீழே, படிக்கப்படாமல், மாரியாயி அம்மாவின் சாவு.

வெளியே விசாரித்துப் பார்த்ததில், அவருடைய டொமைன் எப்போதோ கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்குக் குடிபோயிருந்தது. உலகத்தில் வேறு யார் எழுதினாலும் மெயில் சரியாக அங்கே போகும். எங்கள் சர்வர் மட்டும், ‘நம்ம ஊர்தானே’ என்று அவர் காலி செய்துவிட்டுப் போன பழைய வீட்டுக்குள் கடிதத்தை வீசிக்கொண்டிருந்தது. வீசிவிட்டு, கொடுத்தாயிற்று என்று என்னிடம் கணக்கும் சொன்னது. பொய்யே சொல்லவில்லை, பாவி.

ஜெயசீலன் சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. “வருசா வருசம் சந்தாவ அனுப்பிட்டுத்தானம்மா இருந்தாரு? கூட ஒரு டப்பா சாக்லேட்டும் வருமே.” அங்கேதான் விஷயம். கீழும் மேலுமாக அத்தனை வருஷம் பழகிய மனுஷனிடம், உங்களை விட்டு வேறு இடம் போகிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போனதும் தெரியக்கூடாது, சாரின் மனமும் நோகக்கூடாது என்று சந்தாவைக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். சந்தா வருகிறவரை நாங்கள் எதற்கு அந்த ஊர்ப் பெயரை அழிக்கப் போகிறோம்? பணத்தை நிறுத்தி எங்களை அவமானப்படுத்தியிருந்தால் மாரியாயி அம்மாவின் சேதி அவருக்குப் போயிருக்கும். முகதாட்சண்யம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற சங்கதியை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சலும் வருகிறது, அழுகையும் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை தங்கவேலு அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அவனுக்குச் சொல்லவே இல்லையா?”

“இல்லண்ணே. இப்பவே அந்த மெயில புது எடத்துக்கு அனுப்பிர்றேன்.”

“வேணாம் பிள்ள. சொல்லாத எழவுக்கு அவன் எப்பிடி வருவான்? நாளைக்கு வெள்ளனே கெளம்புறேன். நேர்ல போய்ச் சொல்லணும்.”

சர்வருக்கு ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டியிருந்ததால் சார் என்னையும் அந்த ஜீப்பில் ஏற்றிவிட்டார். பெருமாள்மலையில் திரும்பி, பழனியில் இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் போனோம்.  வழியில் ஒரு டீ குடிக்கக்கூட அண்ணன் நிறுத்தவில்லை, எனக்குப் பசியில் பிராணன் போயிற்று.

ராஜரத்தினம் அண்ணன் வீடு பெரிய வீடு. அவரே கேட்டைத் திறந்தார். பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. வத்தலக்குண்டில் யாரோ சொல்லி, செத்த சேதி அவருக்கு முன்னமே தெரியும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தனக்குச் சொல்லவில்லையே என்ற ஆத்திரத்தில்தான் லிஸ்ட்டிலிருந்து விலகப் பார்த்திருக்கிறார். தங்கவேலு அண்ணன் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கேதம் சொல்ல வருகிறவர்கள் நிற்பதைப் போல வாசலிலேயே நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“ரத்தினம், அம்மா தவறிட்டாங்கலே. ஒனக்குச் சொல்ல வந்தேன்.”

அன்று காலையில்தான் நடந்தது போல அதைச் சொன்னார்.  ராஜரத்தினம் அண்ணன் படியில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதார். அவர் மனைவி குழாயடியில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைத்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் தலைவழியே ஊற்றிக்கொண்டார் அவர். ஏன் இவ்வளவு நாள் கழித்து என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மெயில் கதையை நான் சொல்ல வாயெடுத்தபோது, தங்கவேலு அண்ணன் கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டார். போய் வருகிறேன் என்று சொல்லாமல் ஜீப்பை நோக்கி நடந்தார். வண்டி கிளம்புவதற்குள், ஈரத் தலையோடு வேட்டி மாற்றிக்கொண்டு ராஜரத்தினம் அண்ணன் முன்சீட்டில் வந்து ஏறினார். நான் பின்னால், திரும்பும் வழியில் அவசர அவசரமாக வாங்கிய ஹார்ட் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு. மலை ஏறும்போது இருவரும் எதையோ பேசி ஒருதரம் சிரித்தார்கள்.

மறுநாள் அந்த ஃபைலைத் திறந்து ராஜரத்தினம் அண்ணனின் ஊர்ப் பெயரை அழித்தேன். ஒரே ஒரு வரி.

இப்போது அந்த மரப்படி இல்லை. தைலக்கடை இருந்த இடத்தில் மோமோ விற்கிறார்கள், மேலே தங்கும் அறைகள். ஜெயசீலன் சார் பிள்ளைகளோடு வெளிநாட்டில். லிஸ்ட் போய் வாட்ஸ்அப் குழு வந்து, விதியைப் பாருங்கள், அதற்கும் நான்தான் அட்மின். வரியைத் தொட்டால் யார் யாருக்குப் போயிற்று என்று அது காட்டும். பழக்கதோஷம், தொட்டுப் பார்த்தேன்.

தங்கவேலு அண்ணன் பெயரும் அதில் இருந்தது. டெலிவர்டு. ஜீப்பின்மேல் கை வைத்து நிற்கும் அதே படம். அண்ணன் இறந்து வருஷம் இரண்டுக்கு மேல் ஆகிறது. அவர் போனை மகள் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள்.

அவர் இறந்தபோது குழுவில்தான் போட்டோம். ராஜரத்தினம் அண்ணனுக்கும் போயிற்று, முட்டிவலியோடு காரில் வந்தும் சேர்ந்தார். எல்லாம் முடிந்து தாண்டிக்குடியில் வாசலோரம் உட்கார்ந்திருந்தவர், என்னைக் கூப்பிட்டு ஒன்றுதான் சொன்னார். “மெசேஜு வந்துச்சு பிள்ள. சொல்லத்தான் யாரும் வரல.” சாலை நன்றாக இருந்தது, மழையும் இல்லை, ஜீப்புகளும் நின்றிருந்தன. போகலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்று ராஜரத்தினம் அண்ணனின் சாவை யார் வாசலில் போய்ச் சொல்வது? சொல்ல வேண்டிய வாசல் ஒன்றே ஒன்று, அங்கே ஒரு போன் மட்டும் இருக்கிறது. தங்கவேலு அண்ணன் பெயரின்மேல் விரலை வைத்தேன். குழுவிலிருந்து நீக்கவா என்று கேட்டது.

கெடக்கட்டும்.