அடையாறு வரை ஒரு கையெழுத்துக்காக

போன வெள்ளிக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. தம்பி செந்திலைக் கையெழுத்துப் போடவைக்க அம்மா என்னை அனுப்பினாள். இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தவன், இப்போதுதான் அடையாற்றில் கணினித் தாக்குதல்களை ஆராயும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறான். ஒரு மருத்துவமனையின் கணினிகளை முடக்கியது இன்ன நாட்டு அரசுதான் என்று அங்கே அறிக்கை எழுதிவிட்டார்கள். அது டெல்லிக்குப் போக வேண்டும். அதில் கையெழுத்துப் போடாமல் இவன் முரண்டு பிடிக்கிறான்.

காலை 5.40க்கு மாம்பலத்தில் இறங்கினேன். அவன் அறை பத்து நிமிட நடை. குளித்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு மயிலாப்பூருக்கு ஆட்டோ: ஐந்து கிலோமீட்டர், 150 ரூபாய். மெட்ரோ வேலையால் முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவனைக் காய்ச்சி எடுத்தேன். ஊரில் யாருக்கும் இல்லாத நியாயம் இவனுக்கு மட்டும் எதற்கு?

அவன் பொறுமையாகச் சொன்னான். தாக்குதல் எந்த நாட்டுக் கணினி வழியாக வந்தது என்று தெரியும். அதை இயக்கியவர்கள் யார் என்பது அரைகுறையாகத் தெரியும். அவர்களை அந்த அரசு ஏவியதா என்பது தெரியவே தெரியாது. சர்வதேசச் சட்டப்படி ஒரு நாட்டைப் பொறுப்பாக்க அந்த மூன்றாவதுதான் முக்கியமாம்.

ஓட்டுநர் பாதி திரும்பினார். "கரீட்டு நைனா. என் வண்டியில போய் ஒருத்தன் திருடினா, நம்பர் என்னுதுதான். நான் அனுப்புனேனான்னு கேக்கணும்ல?"

இரண்டு பேரும் ஒரு கட்சி ஆகிவிட்டார்கள். மயிலாப்பூரில் இறங்கி ஓட்டலில் உட்கார்ந்ததும் நான் பொங்கலில் கவனம் செலுத்தினேன் (60 ரூபாய், நெய்க்குக் குறைவில்லை).

மதியம் லஸ் முனையில் 29C பிடித்து அடையாறு போனோம். மூன்று மணிக்கு அவன் அலுவலகத்துக்குள் போனான். எதிர் பேக்கரியில் நான் இரண்டு டீ குடித்தேன். 6.10க்கு வெளியே வந்தான்.

"மூணாவது தெரியலன்னு எழுதிக் குடுத்தேன்க்கா. திங்கக்கிழமையிலருந்து வர வேணாம்னுட்டாங்க."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நேர்மையான பிள்ளையையா காலையில் அப்படிக் கரித்துக்கொட்டினேன்?

போகிறவர்களுக்கு: மாம்பலத்தில் ஆட்டோ ஏறும்முன் கட்டணம் பேசிவிடுங்கள். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. லஸ் பக்கம் போக அரைமணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் அம்மா விசாரணையை ஆரம்பித்தாள். கையெழுத்துப் போடாதே என்று நான்தான் அவனிடம் சொன்னேன் என்றேன். திட்டு முழுக்க எனக்கே விழுந்தது.