பேர் போட்டு வந்த அழைப்பு

யாராவது அழைப்புத் தாளை நீட்டினால் நசீமா மேலிருந்து வாசிப்பதில்லை. தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே, அடிவரியிலிருந்து மேல்நோக்கி விரலை நகர்த்துவார்.

"மாநாடு லண்டன்லயாம். பேங்க் டிராஃப்ட்டு மட்டும் பம்பாய்ல எவனோ ஒருத்தன் பேருக்காம். பிளேன் டிக்கெட்டு சும்மா தாராகளாம், ரூம் வாடகைய மட்டும் நாம முன்னாடியே கட்டணுமாம். கூப்புடுதவனுக்குப் படுக்க ஒரு பாய் போட வக்கில்லையாக்கும்?"

தாள் திரும்பி வந்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் தையல் சங்கம் நடத்துகிறார். தொண்ணூற்றெட்டில் ராஜபாளையத்துக் கம்ப்யூட்டர் சென்டர்களில் ஈமெயில் வந்தது. கூடவே உலகப் பெண்கள் மாநாடுகளும் வந்துவிட்டன. சங்கத் தலைவிகள் பேருக்கெல்லாம் அழைப்பு. பணம் கட்டினார்கள், மாநாடுதான் எங்கேயும் நடக்கவில்லை. முதலில் ஏமாந்தவர் நசீமா. மகள் நிக்காஹுக்கு வைத்திருந்த சங்கிலி அதில் போனது. மகள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

"பேரு போட்டு அழைப்பு வச்சா வெறுங்கையோட போவோமா? மொய்யத்தான் முன்னாடியே கேக்காகன்னு நெனச்சேன்" என்றார் ஒருமுறை, சங்கக் கணக்கு எழுதப் போகும் என்னிடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரியாதை தெரிந்த மனுஷியை ஏமாற்றுவது எவ்வளவு லேசு! புகார் கொடுக்கப் போன இடத்தில், உனக்கெதற்கு லண்டன் என்று கேட்டார்களாம்.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது வத்திராயிருப்பிலிருந்து முத்துப்பேச்சி வந்தார். களையெடுக்கிற பெண்களைச் சேர்த்துச் சங்கம் நடத்துகிறவர். முகமெல்லாம் பூரிப்பு. மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நசீமாவின் விரல் அடிவரிக்குப் போனது. அதே பம்பாய்க்காரன் பேர். சொல்ல வாயெடுத்தார்.

"படிச்சுச் சொல்லுறதுக்கு வரலக்கா" என்று முத்துப்பேச்சி முந்திக்கொண்டார். "போன மாசமே பணம் கட்டியாச்சு. வந்து சேந்துருச்சுன்னு பதிலும் போட்டுட்டாக. எங்க பொம்பளைக கம்மலக்கூட வித்துக் குடுத்தாளுக. நம்ம கூலிக் கஷ்டத்த அங்கன போயிச் சொல்லிட்டு வான்னு அம்புட்டு ஆசை. குளிரு சாஸ்தியாமே? முழுக்கை வச்சு ஒரு ரவிக்கை தச்சுத் தாங்கக்கா."

மெஷின் நின்றிருந்தது. நசீமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நசீமா தாளை மடித்து முத்துப்பேச்சியிடமே கொடுத்தார். எழுந்து இஞ்ச் டேப்பை எடுத்தார். "கைய நீட்டு, தாயி" என்று சொல்லி, தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளவெடுத்தார்.