வேறொருவர் இன்ஜின்

எரிந்த எண்ணெய் வாடை இன்றைக்கும் என்னை நடுரோட்டில் நிறுத்திவிடும். சங்கராபுரம் பஸ்ஸில் போகையில் எங்காவது ஒரு லாரி புகைந்தபடி ஓரங்கட்டி நின்றால் போதும், வாயில் இரும்புச் சுவை ஏறிவிடுகிறது. உடனே மாமாவின் முகம். அக்கா புருஷன்.

இடஒதுக்கீடு கேட்டு, ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்த வருஷங்கள் அவை. மாமா கரும்பு விளைந்த நிலத்தை விற்றுப் புது லாரி எடுத்திருந்தார். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு இறக்கும் வேலை. முகப்பில் கம்பெனிப் பெயர் வெள்ளியாய்ப் பளபளக்கும். தினம் அதைத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் டீ குடிப்பார்.

சில மாதம்கூட ஆகவில்லை. மலையேறும் வளைவொன்றில் டமார் என்றது. நானும் வண்டியில் இருந்தேன். இன்ஜினுக்குள் ஓடவேண்டிய கனெக்டிங் ராடு பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே நீட்டியிருந்தது, எலும்பு முறிந்து தோலைக் கிழித்த மாதிரி. எண்ணெய் கறுப்பாய் வழிந்தது. மாமா அதைக் கையால் பொத்தப் பார்த்தார். சுட்டது. மறுபடியும் பொத்தினார்.

கள்ளக்குறிச்சி பக்கத்தில் எங்கள் ஊருக்கே இழுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தினோம். உத்தரவாதம் இருக்கிறது, வேறு இன்ஜின் தந்துவிடுவார்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு ஷோரூமுக்குப் போனோம். அங்கிருந்தவர் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: லாரிதான் அவர்கள் செய்வது; இன்ஜினை வெளிக் கம்பெனியில் வாங்கிப் பூட்டுகிறார்கள்; அந்தக் கம்பெனி ஆள்தான் வந்து பார்க்கவேண்டும். தினமும் துடைத்த பெயருக்கும் உள்ளே துடித்த நெஞ்சுக்கும் சம்பந்தமே இல்லையா? “இன்னா மச்சான் சொல்றான் இவன்?” என்று வழியெல்லாம் என்னைக் கேட்டபடி வந்தார் மாமா.

மறியலில் பஸ் ஓடவில்லை. மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜின் கம்பெனிக்காரர் யார் யாருடைய சைக்கிளிலோ தொற்றி, சாய்ந்த மரங்களை ஏறித் தாண்டி, சட்டையெல்லாம் புளியிலையோடு வந்து சேர்ந்தார். அக்கா கோழி அடித்துச் சோறு போட்டாள். சாப்பிட்டு எழுந்தவர் உடைந்த இடத்தை லேசாகத்தான் பார்த்தார். டீசல் பம்ப் பக்கம் குனிந்து, சீல் எங்கே என்றார்.

அளவுக்கு மேல் டீசல் பாயாதபடி பம்பின் திருகைக் கம்பியால் கட்டி, ஈயத்தில் முத்திரை வைத்து அனுப்புவார்கள். எங்கள் பக்கத்தில் மலைக்குப் போகிற லாரி எதுவும் அதோடு போகாது. இழுவை வேண்டுமே. நல்ல நேரம் பார்த்து, சூடம் கொளுத்திக் கம்பியை வெட்டுவோம். ஈயத்தை எலுமிச்சை மிளகாயோடு கோத்து முன்னால் தொங்கவிடுவோம். எங்கள் லாரிக்கு ஷோரூம் வாசலிலேயே அது நடந்தது. அங்கிருந்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மாமா அவரைப் பெருமையாக முன்பக்கம் கூட்டிப்போனார். “தோ இருக்குது பாருங்க சார். பத்திரமா வெச்சிக்கினு இருக்கோம்.”

அவர் அதைத் தொடவில்லை. சீலை வெட்டிய அன்றே உத்தரவாதம் முடிந்துவிட்டது என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் என்னை உலுக்கியது. அக்கா தண்ணீர்ச் சொம்போடு நின்றாள், யாரும் வாங்கவில்லை. விற்ற நிலத்தில் வேறொருவர் கரும்பு அப்போது ஆளுயரம் நின்றது.

வழியனுப்ப ஊர் எல்லை வரை போனோம். குறுக்கே கிடந்த மரத்தில் ஏறித் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியவர் ஏனோ திரும்பினார். “அந்தப் பம்பும் எங்களுது இல்லீங்க. அத வேற கம்பெனி செய்யுது. சீல் மட்டுந்தான் நாங்க வெக்கிறது.”

அவருடைய பையை மரத்துக்கு மேலாக நீட்டியபடி மாமா கேட்டார்:

“அப்ப அந்த லாரியில என்னுது இன்னா சார்?”